லினக்ஸில் தொலைநகல் மோடம் பிழைகள்: அழைப்பு எங்கே முறிந்தது என்று கண்டறிந்து சரிசெய்வதற்கான முழுமையான வழிகாட்டி

தொலைநகல் போகவில்லை என்றதும் பெரும்பாலோர் முதலில் பழிப்பது தொலைபேசி இணைப்பைத்தான். அடுத்து மோடத்தின் அமைப்புக் கோப்பைத் திறந்து, வேகத்தைக் குறைத்து, இரண்டு மூன்று வரிகளை ஒரே மூச்சில் மாற்றிவிட்டு மறுபடி அனுப்பிப் பார்ப்பார்கள். சில நேரம் போய்விடும்; எந்த மாற்றத்தால் போனது என்பது தெரியாது; மறுவாரம் அதே பிழை திரும்பி வரும். இந்த வழிகாட்டி வேறு வரிசையில் செல்கிறது. அமைப்புகளைத் தொடுவதற்கு முன், அழைப்பு எந்தக் கட்டத்தில் முறிந்தது என்பதைப் பதிவுக் கோப்பிலிருந்து படித்தறிய வேண்டும். அது தெரிந்துவிட்டால், பழுது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலா, தொலைபேசிக் கம்பியிலா, மறுமுனையிலா என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

டெபியன் வகை லினக்ஸில் ஹைலாஃபேக்ஸ் மென்பொருளும், சீரியல் அல்லது யுஎஸ்பி வழியே இணைத்த வெளிப்புற மோடமும் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சாம் லெஃப்லர் தொடங்கிய ஹைலாஃபேக்ஸும், அதிலிருந்து பிரிந்து லீ ஹோவர்டின் பராமரிப்பில் வளர்ந்த ஹைலாஃபேக்ஸ் ப்ளஸ்ஸும் இந்த வழிகாட்டியைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒன்றே. எம்கெட்டி, ஈஃபேக்ஸ் போன்ற வேறு தொலைநகல் மென்பொருள்களைப் பயன்படுத்துவோருக்கும் பிழையின் பொருள் மாறாது. அமைப்புக் கோப்பின் சொற்கள் மட்டும் மாறும். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சிடும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும்.

முதலில் தெரிந்திருக்க வேண்டியது: அழைப்பின் ஐந்து கட்டங்கள்

தொலைநகல் இயந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறையை டி.30 என்னும் தரநிலை வகுத்திருக்கிறது. அது ஓர் அழைப்பை ஏ முதல் ஈ வரை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கிறது. ஏ கட்டத்தில் அழைப்பவர் 1100 ஹெர்ட்ஸ் ஒலியை அரை நொடி ஒலித்து மூன்று நொடி நிறுத்தி மீண்டும் ஒலிப்பார். எடுப்பவர் 2100 ஹெர்ட்ஸ் ஒலியால் பதில் தருவார். பி கட்டத்தில் எடுப்பவர் தன்னால் இயன்றவற்றை டிஐஎஸ் என்னும் சட்டகத்தில் அறிவிப்பார். அனுப்புபவர் அவற்றுள் தாம் தேர்ந்தவற்றை டிசிஎஸ் சட்டகத்தில் சொல்லிவிட்டு, தேர்ந்த வேகத்திலேயே ஒன்றரை நொடி நேரம் வெறும் பூஜ்ஜியங்களை அனுப்புவார். இதுதான் டிசிஎஃப் என்னும் பயிற்சிச் சோதனை. பூஜ்ஜியங்கள் சிதையாமல் வந்தால் சிஎஃப்ஆர் என்ற ஒப்புதல் வரும். சிதைந்தால் எஃப்டிடி என்ற மறுப்பு வரும், அனுப்புபவர் ஒரு படி வேகம் குறைத்து மறுபடி முயல்வார். சி கட்டத்தில் பக்கம் செல்கிறது. டி கட்டத்தில் பக்கம் சரியாக வந்ததா என்ற கேள்வியும் பதிலும் நடக்கின்றன. ஈ கட்டம் தொடர்பைத் துண்டிப்பது.

இதில் ஒரு நுட்பத்தை மனத்தில் இருத்த வேண்டும். டிஐஎஸ், டிசிஎஸ் போன்ற கட்டுப்பாட்டுச் செய்திகள் எல்லாம் வி.21 முறையில் நொடிக்கு 300 பிட் என்ற ஆமை வேகத்தில் செல்கின்றன. பயிற்சியும் பக்கமும் மட்டுமே வி.27டெர், வி.29, வி.17 ஆகிய முறைகளில் நொடிக்கு 2,400 முதல் 14,400 பிட் வரையான வேகத்தில் செல்கின்றன. மோசமான இணைப்பிலும் 300 பிட் தப்பிப் பிழைத்துவிடும். ஆகவே அறிமுகம் ஒழுங்காக முடிந்து பயிற்சியில் மட்டும் தோற்றால் இணைப்பின் தரத்தையோ காலக்கணக்கையோ ஐயுறலாம். அறிமுகமே நடக்கவில்லையென்றால் சிக்கல் அதைவிட அடிப்படையானது.

படி 1: மோடத்தை வேறு யாரேனும் பிடித்து வைத்திருக்கிறார்களா?

டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் மோடம் எந்தப் பெயரில் தோன்றியிருக்கிறது என்று பாருங்கள். தாய்ப்பலகையின் சீரியல் துளை என்றால் டிடிஒய்எஸ்0, யுஎஸ்பி மோடம் என்றால் பெரும்பாலும் டிடிஒய்ஏசிஎம்0, யுஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கம்பி என்றால் டிடிஒய்யுஎஸ்பி0. யுஎஸ்பி சாதனங்களைக் கழற்றி மாட்டினால் கடைசி எண் மாறக்கூடும். அதனால் டெவ் அடைவுக்குள் சீரியல், அதற்குள் பைஐடி என்னும் அடைவில் உள்ள நிலையான பெயரை நம்புவதோ, சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யுடெவ் அமைப்புக்கு ஒரு விதி எழுதித் தனிப்பெயர் சூட்டுவதோ நல்லது. உள்ளே பொருத்தும் மலிவான பிசிஐ மோடம்களில் பல, சமிக்ஞை வேலையையெல்லாம் கணினியின் தலையில் கட்டும் வின்மோடம்கள். அவற்றோடு மல்லுக்கட்டுவதைவிட வெளிப்புற மோடம் ஒன்றை வாங்கிவிடுவதே மேல்.

அடுத்து மோடம்மேனேஜர். மேசைக்கணினிப் பதிப்புகளில் இது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். புதிதாகத் தென்படும் டிடிஒய்ஏசிஎம் துளையைக் கைபேசி மோடம் என்று கருதித் தானும் ஏடி கட்டளைகளை, அதாவது மோடத்துக்குரிய கட்டளைகளை, அனுப்பிப் பார்க்கும். ஹைலாஃபேக்ஸ் மோடத்தைத் தொடங்கும் அதே நொடியில் இதுவும் பேசினால், மோடத்தை அமைக்க இயலவில்லை என்ற பிழை வந்துவந்து போகும். தொலைநகல் மட்டுமே செய்யும் கணினியென்றால் சிஸ்டம்சிடிஎல் கொண்டு மோடம்மேனேஜரை நிறுத்தி முடக்கிவிடலாம்; வேறு பயன் இருந்தால், அந்தச் சாதனத்தைப் புறக்கணிக்கச் சொல்லும் யுடெவ் விதி போதும். ஃபியூசர் கட்டளையால் அந்தத் துளையை எந்த நிரல் திறந்து வைத்திருக்கிறது என்பதையும், பூட்டுக் கோப்புகளின் அடைவில் செத்துப்போன நிரலின் பூட்டு ஏதும் எஞ்சியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

படி 2: மோடத்திடம் அதன் வகுப்பைக் கேளுங்கள்

மோடத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஹைலாஃபேக்ஸின் ஃபேக்ஸ்கெட்டி நிரலை நிறுத்திவிட்டு, மினிகாம் என்னும் முனைய நிரல் வழியே மோடத்தோடு நேரடியாகப் பேசுங்கள். ஏடி என்றால் ஓகே என்று பதில் வர வேண்டும். பிறகு ஏடி+எஃப்கிளாஸ்=? என்று கேட்டால் 0,1,2,2.0 என்பது போன்ற பட்டியல் வரும். 0 என்பது சாதாரணத் தரவு. வகுப்பு 1 என்றால் டி.30 உரையாடல் முழுவதையும் கணினியே நடத்த வேண்டும். மோடம் வெறும் வாயும் காதும் மட்டும். வகுப்பு 2, 2.0 என்றால் உரையாடலை மோடத்தின் உள்நிரலே பார்த்துக்கொள்ளும். கணினி பக்கத்தை மட்டும் கொடுத்தால் போதும்.

எதைத் தேர்வது என்பதில் என் கருத்து இது. உண்மையான சீரியல் துளையில் மாட்டிய மோடத்துக்கு வகுப்பு 1 சிறந்தது, ஹைலாஃபேக்ஸின் டி.30 செயல்பாடு பல மோடம்களின் உள்நிரலைவிட நம்பகமானது, பதிவுக் கோப்பிலும் எல்லாமே தெரியும். ஆனால் வகுப்பு 1 காலக்கணக்கில் கறார். 300 பிட் செய்தி முடிந்து வேகமான பயிற்சி தொடங்குவதற்கு இடையே 75 மில்லிநொடி இடைவெளி வேண்டும். 20 மில்லிநொடி கூடலாம், குறையலாம், அதற்குமேல் ஆகாது. மெய்நிகர் கணினிக்குள் யுஎஸ்பியைக் கடத்திக் கொடுக்கும் அமைப்பில் இந்தக் கணக்கு எளிதில் தவறும். அத்தகைய இடங்களில் வகுப்பு 2.0 இருந்தால் அதற்கு மாறுவதே பாதுகாப்பு.

படி 3: கணினிக்கும் மோடத்துக்கும் இடைப்பட்ட கம்பி

யாரும் கவனிக்காத இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம். ஓர் அலுவலகத்தில் கடிதங்கள் எல்லாம் ஒழுங்காகப் போயின. வரைபடம் வைத்த பக்கங்கள் மட்டும் பாதியில் சிதைந்தன. இணைப்பைச் சோதித்தார்கள், மோடத்தை மாற்றினார்கள், பயனில்லை. கடைசியில் சீரியல் கம்பியின் தலையைத் திருகிப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே மூன்றே இழைகள்: அனுப்பு, பெறு, நிலம். ‘பொறு’ என்று மோடம் சொல்லும் இழையே இல்லை. கணினி 38,400 பிட் வேகத்தில் கொட்ட, மோடம் 14,400 பிட் வேகத்தில் வெளியே அனுப்ப, நடுவிலிருந்த தேக்கம் நிரம்பி வழிந்தது. கடிதத்தின் வெள்ளைப் பரப்பு சுருங்கிச் சில ஆயிரம் பைட்டுகளாகிவிடும், அது தேக்கத்துக்குள் அடங்கும். புள்ளிகள் அடர்ந்த வரைபடம் அடங்காது. கடிதம் போகிறது, படம் போகவில்லை என்றால் முதலில் ஓட்டக் கட்டுப்பாட்டைப் பாருங்கள்.

ஹைலாஃபேக்ஸின் அமைப்புக் கோப்பில் மோடம்ஃப்ளோகன்ட்ரோல் என்ற வரி இருக்கும். அதற்குத் தனி இழைகள் வழியே ‘பொறு’ என்று சொல்லும் ஆர்டிஎஸ்சிடிஎஸ், தரவோடு கலந்து வரும் எழுத்துகள் வழியே சொல்லும் எக்ஸ்ஆன்எக்ஸ்ஆஃப் ஆகிய மதிப்புகளைத் தரலாம். முழு இழைகள் கொண்ட கம்பியும் அதை ஏற்கும் மோடமும் இருந்தால் முன்னதே நல்லது. ஆனால் தொலைநகல் நிலைக்கு மாறியதும் வன்பொருள் கட்டுப்பாட்டைக் கைவிட்டு எக்ஸ்ஆன்எக்ஸ்ஆஃப் மட்டுமே பேசும் மோடம்களும் உள்ளன. பழைய வகுப்பு 2 மோடம்கள் சில, அந்த நிலைக்கு மாறியதும் சீரியல் வேகத்தையும் தாமாக 19,200 ஆக்கிக்கொள்ளும். ஆகவே ஒரு மதிப்பில் பிழை வந்தால் மற்றதைச் சோதிக்கத் தயங்க வேண்டாம். மோடம்ரேட் வரியில் 14,400 பிட் தொலைநகலுக்கு 19,200 போதும். 33,600 பிட் வரை செல்லும் வி.34 தொலைநகலுக்கு 38,400 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

சீரியல் துளையின் உடல்நிலையை ப்ராக் அடைவில் டிடிஒய், டிரைவர், சீரியல் என்று சென்று ரூட் உரிமையோடு படிக்கலாம். அங்கே யுஏஆர்டி 16550ஏ என்று இருந்தால் 16 பைட் தேக்கம் உண்டு என்று பொருள். 8250 என்று இருந்தால் பழைய சில்லு, தேக்கம் கிடையாது. அதே வரியில் ஓஇ என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் தென்பட்டால், கர்னல் எடுப்பதற்கு முன்பே பைட்டுகள் வழிந்து தொலைந்திருக்கின்றன. எஃப்இ தென்பட்டால் வேகப் பொருத்தமின்மையோ கம்பிக் கோளாறோ உண்டு. ஓர் அழைப்புக்கு முன்னும் பின்னும் இந்த எண்களைக் குறித்துக்கொண்டால் ஊகத்துக்கு இடமே இல்லை.

எஃப்டிடிஐ சில்லு கொண்ட யுஎஸ்பி மாற்றுக் கம்பி என்றால் இன்னொன்று. சிறுசிறு செய்திகளை அது இயல்பாக 16 மில்லிநொடி வரை தேக்கிவைத்தே கணினிக்குத் தரும். 75 மில்லிநொடிக் கணக்கில் இது சிறிய தொகையன்று. சிஸ் அடைவில் அந்தச் சாதனத்துக்குரிய லேட்டன்சி டைமர் கோப்பில் 1 என்று எழுதினால் தாமதம் குறையும்.

படி 4: பதிவைப் பேசவிட்டுப் படியுங்கள்

இயல்பான பதிவு சுருக்கமானது. அமைப்புக் கோப்பில் செஷன்ட்ரேசிங் மதிப்பை 4095 ஆக்கினால் மோடத்தோடு பரிமாறிய ஒவ்வொரு வரியும் பதிவாகும். டெபியனில் வார், ஸ்பூல், ஹைலாஃபேக்ஸ் அடைவின் கீழே லாக் என்ற அடைவில், ஒவ்வொரு அழைப்புக்கும் சி எழுத்தில் தொடங்கி ஒன்பது இலக்கங்கள் கொண்ட பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதில் இடப்பக்கம் நோக்கிய அம்பு கணினி மோடத்துக்குச் சொன்னது. வலப்பக்கம் நோக்கிய அம்பு மோடம் சொன்னது. வரியின் தொடக்கத்தில் நொடியின் நூற்றில் ஒரு பங்கு வரை நேரம் இருக்கும். பிழையைவிட அந்த நேரமே பல சமயம் அதிகம் சொல்லும்.

நலமான அழைப்பில், மறுமுனையின் சிறந்த வேகம், அகலம், சுருக்கமுறை ஆகியவை ‘ரிமோட்’ என்று தொடங்கும் வரிகளில் வரும், நாம் தேர்ந்தவை ‘யூஸ்’ என்று தொடங்கும் வரிகளில் வரும், பிறகு வி.17, 14,400 பிட்டில் பயிற்சி, பயிற்சி வெற்றி, பக்கம் தொடக்கம், இத்தனை பைட் அனுப்பப்பட்டது, ஈஓபி (பக்கங்கள் முடிந்தன), எம்சிஎஃப் (சரியாக வந்தது), டிசிஎன் (துண்டிக்கிறேன்). இந்த வரிசையில் எந்தச் சொல் கடைசியாக வந்திருக்கிறதோ அங்கேதான் கை வைக்க வேண்டும். வகுப்பு 2 மோடம் என்றால் துண்டிக்கும்போது ஓர் எண்ணும் தரும். 11 என்றால் டி1 என்னும் காத்திருப்புக் காலக்கெடு முடிந்தும் மறுமுனை தொலைநகலாகப் பதில் தரவில்லை. 25 என்றால் டிசிஎஸ்ஸை மூன்று முறை அனுப்பியும் பதிலில்லை. 27 என்றால் 2,400 பிட் வரை இறங்கியும் பயிற்சி தோற்றது. 43 என்றால் கணினி தரவைப் போதிய வேகத்தில் தரவில்லை. இது தொலைபேசிக் குற்றமே அன்று, படி 3-க்குத் திரும்புங்கள். 52, 54 ஆகியவை பக்கம் முடிந்தபின் கேட்ட கேள்விக்கு மூன்று முறையும் பதில் வரவில்லை என்பவை.

படி 5: அறிமுகமே நடக்கவில்லையென்றால்

முதலில் மோடத்தின் ஒலிபெருக்கியைத் திறந்து காதால் கேளுங்கள். மனிதக் குரலோ, எண் பயன்பாட்டில் இல்லை என்ற அறிவிப்போ ஒலித்தால் மணிக்கணக்கான ஆராய்ச்சி மிச்சம். அலுவலக இணைப்பகத்தின் பின்னே இருக்கும் மோடத்துக்கு அதன் டயல் ஒலி பிடிபடாமல் போகலாம். அப்போது தொடக்கக் கட்டளையில் ஏடிஎக்ஸ்3 சேர்த்தால் ஒலிக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றும். வெளி இணைப்புக்கான இலக்கத்துக்குப் பின் ஒரு காற்புள்ளி இட்டால் இரண்டு நொடி இடைவெளி கிடைக்கும்.

படி 6: பயிற்சி தோற்றால்

அதே கம்பியில் ஏடிஎஸ்எல் இணையம் ஓடினால், வடிகட்டி மோடத்துக்கு முன்னே இருக்கிறதா என்று பாருங்கள். இணையாகத் தொங்கும் மற்றத் தொலைபேசிகளைக் கழற்றுங்கள். அழைப்புக் காத்திருப்பு வசதியை நிறுத்துங்கள். அதன் ஒரு ‘பீப்’ ஒலி பக்கத்தின் நடுவே விழுந்தால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் தோற்றால் வேகத்தைக் குறைக்கலாம், ஆனால் எதைக் குறைக்கிறோம் என்று தெரிந்து குறைக்க வேண்டும். நொடிக்கு 9,600 பிட் என்பது வி.17-இலும் உண்டு, வி.29-இலும் உண்டு, இரண்டும் வேறு வேறு பண்பேற்ற முறைகள். சில மோடம்களின் வி.17 மட்டும் குறைபாடுடையது. வகுப்பு 1-இல் கிளாஸ்1டிஎம்க்வெரிசிஎம்டி என்ற வரிக்கு, வியப்புக்குறியில் தொடங்கி 24,48,72,96 என்று மதிப்புத் தந்தால், மோடம் தன்னைப் பற்றிச் சொல்லும் பட்டியலை ஹைலாஃபேக்ஸ் கேட்காமல் இதையே ஏற்றுக்கொள்ளும், வி.17 முழுவதும் விலகிவிடும். பெறுவதற்கு இதே போன்று, பெயரில் டிஎம்முக்குப் பதில் ஆர்எம் கொண்ட வரி உண்டு. மாறாக, எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி தோற்றால் அது இணைப்பின் தரமாக இருக்க வாய்ப்புக் குறைவு, காலக்கணக்கைப் பாருங்கள். கிளாஸ்1டிசிஎஃப்வெய்ட்சிஎம்டி வரியில் வழக்கமாக ஏடி+எஃப்டிஎஸ்=7 இருக்கும். அந்த 7 என்பது 70 மில்லிநொடி. அதை 5 அல்லது 9 ஆக்கி, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள்.

படி 7: பக்கம் சிதைந்தால், அல்லது இருமுறை போனால்

பக்கம் செல்லும்போது பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பது சுருக்கமுறையைப் பொறுத்தது. எம்ஹெச் முறையில் ஒவ்வொரு வரியும் தனித்து நிற்பதால் ஒரு வரி கெட்டாலும் அடுத்தது தப்பும். எம்ஆர் முறையில் ஒரு வரி முந்தைய வரியைச் சார்ந்திருப்பதால் அடுத்த முழுவரி வரும்வரை சேதம் பரவும். எம்எம்ஆர் முறையில் மீளும் இடமே இல்லை என்பதால் அதை இசிஎம் என்னும் பிழைதிருத்தத்தோடு மட்டுமே பயன்படுத்த முடியும்.

இசிஎம் இயங்கினால் பக்கம் 256 பைட் சட்டகங்களாக, ஒவ்வொன்றுக்கும் சிஆர்சி சரிபார்ப்போடு, 256 சட்டகங்கள் வரை கொண்ட தொகுதியாகச் செல்லும். கெட்ட சட்டகங்களை மட்டும் மறுமுனை பிபிஆர் என்ற செய்தியால் திரும்பக் கேட்கும். பதிவில் ஓரிரு பிபிஆர் தென்படுவது நோயன்று. ஒவ்வொரு தொகுதிக்கும் நான்கு முறை பிபிஆர் வந்தால் அது தொடர்ந்த இரைச்சல், அல்லது படி 3-இல் சொன்ன கம்பிக் கோளாறு. இசிஎம்மை அணைத்துவிடுங்கள் என்ற அறிவுரை அடிக்கடி கேட்கிறது. அணைத்தால் பிழை மறையாது. பிழைச்செய்தி மட்டும் மறையும், சிதைந்த பக்கம் மறுமுனையில் அச்சாகும்.

ஆர்டிஎன் என்பது வேறு தொல்லை. பக்கம் திருப்தியாக இல்லை என்று மறுமுனை சொல்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தை அது அச்சிட்டதா தூக்கியெறிந்ததா என்பது நமக்குத் தெரியாது. மறுபடி அனுப்பினால் ஒரே பக்கம் இருமுறை சேரலாம், அனுப்பாவிட்டால் சேராமலே போகலாம். ஹைலாஃபேக்ஸில் ஆர்டிஎன்ஹேண்ட்லிங்மெத்தட் வரியால் இதைத் தீர்மானிக்கலாம். பக்கம் தவறாமல் சேர்வதே முக்கியம் என்ற இடத்தில் ரீட்ரான்ஸ்மிட் மதிப்பையே வைத்திருப்பேன். இரட்டைப் பக்கம் சிறிய குற்றம்.

படி 8: இணையவழித் தொலைபேசி என்றால்

செப்புக் கம்பி போய் விஓஐபி வந்துவிட்ட அலுவலகங்களில் பழைய அறிவுரைகள் பாதிதான் செல்லும். ஜி.729 போன்று குரலைச் சுருக்கும் கோடெக் வழியே தொலைநகல் போகாது, ஜி.711 வேண்டும், அல்லது தொலைநகலுக்கென்றே வகுத்த டி.38 வேண்டும். ஜி.711-இலும், 20 மில்லிநொடி ஒலி கொண்ட ஒரே ஒரு பொட்டலம் தொலைந்தால் 14,400 பிட் வேகத்தில் 288 பிட்டுகள், அதாவது 36 பைட்டுகள் காணாமற்போகும். மனிதக் காதுக்கு அது ஒரு சிறு விக்கல். எம்ஆர் முறையில் அனுப்பிய பக்கத்துக்கு வடு. ஆகவே இங்கே இசிஎம் இயங்கட்டும். வேகத்தை 9,600-க்குள் வைத்து வி.34-ஐ விலக்குங்கள், மோடத்தை இணையத் தொலைபேசியோடு இணைக்கும் மாற்றுப் பெட்டியில் குரல் மௌனமாக இருக்கும்போது பொட்டலங்களை நிறுத்தும் வசதியை அணையுங்கள்.

பழுது உள்ளேயா வெளியேயா என்று பிரிக்க, இரண்டு மோடம்களை ஒரே இணைப்பகத்தின் இரண்டு நீட்டிப்புகளில் மாட்டி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்புவது எளிய சோதனை. பத்துப் பக்கங்கள், அவற்றுள் அடர்ந்த படமொன்று. உள்ளே பத்தும் பிழையின்றிப் போய், வெளியே தோற்றால் கணினியையும் மோடத்தையும் விடுவித்துவிடலாம்.

படி 9: ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் போகவில்லையென்றால்

மற்ற எல்லா எண்களுக்கும் போகிறது, ஒன்றுக்கு மட்டும் போகவில்லை என்றால் பொது அமைப்பைத் தொடாதீர்கள். ஹைலாஃபேக்ஸ் தான் அழைத்த ஒவ்வொரு எண்ணுக்கும் இன்ஃபோ என்ற அடைவில் ஒரு கோப்பு வைத்து, அந்த இயந்திரத்தின் திறன்களை அதில் குறித்துக்கொள்கிறது. அந்தக் கோப்பில் மேக்ஸ்சிக்னலிங்ரேட் வரியின் மதிப்பை 9600 ஆக்கி, வரியின் முன்னே ‘&’ குறியிட்டால், அந்த எண்ணுக்கு மட்டும் வேகம் அந்த அளவில் நிற்கும்; அடுத்த அழைப்பில் ஹைலாஃபேக்ஸ் அதை அழித்தெழுதாது. இப்படிப் பூட்டிய தேதியை எங்காவது குறித்து வையுங்கள். மறுமுனையில் இயந்திரத்தை மாற்றிவிட்டால் பழைய பூட்டை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். கோப்பை அழித்துவிட்டு ஒருமுறை அனுப்பினால் ஹைலாஃபேக்ஸ் புதிதாகக் கேட்டு எழுதிக்கொள்ளும்.